கதை கண்ட கணிப்பொறி



விண்வெளிக் கப்பல் ஒன்று விண்மீன்களுக்கிடையே விரைந்து செல்கிறது. ஒரு ஞாயிற்றின் மண்டலத்திலிருந்து மற்றொரு ஞாயிற்றின் மண்டலத்திற்குக் கணப்பொழுதில் தாவும் ஆற்றல் படைத்த கப்பல் அது. அதன் வழிகாட்டும் அறையில் கணிப்பொறியும் உண்டு. ஆனால் அந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்போர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தடித்த புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். நாம் பள்ளியில் மடக்கை அட்டவணை பார்ப்போமே, அதுபோன்ற அட்டவணைகளில் எண்களைத் தேடி எடுக்கிறார்கள். அந்த எண்களை இயந்திரத்துக்குப் புரியும் இரும எண்களாக மாற்றுவதற்கு இன்னோர் அட்டவணையைப் பார்க்கிறார்கள். ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றொருவர் அவற்றை இயந்திரத்தினுள் செலுத்துகிறார்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1953ஆம் ஆண்டில் இளைஞர்களுக்கென்று எழுதிய 'ஸ்டார்மேன் ஜோன்ஸ்' என்னும் நாவலில் வரும் காட்சி இது. அதன் தலைவன் மேக்ஸ் ஜோன்ஸ், குடியானவர் வீட்டுப் பையன். ஒருமுறை கண்ணால் கண்ட பக்கத்தை மறவாத நினைவாற்றல் அவனுக்கு வாய்த்திருந்தது. கப்பல் வழிதவறிவிடுகிறது; வழிகாட்டக் கூடியவர்கள் மாண்டு போகிறார்கள்; அட்டவணைப் புத்தகங்களையும் காணவில்லை. அந்த வேளையில் அட்டவணைகள் அனைத்தையும் நெஞ்சிலிருந்தே ஒப்புவித்துக் கப்பலைக் கரை சேர்க்கிறான் மேக்ஸ். மனப்பாடம் செய்த மாணவன் ஊரைக் காப்பாற்றும் கதை இதைத் தவிர வேறொன்று உலகில் உண்டா என்று அறியேன். ஆசிரியர்கள் இதை விரும்பிப் படிப்பதில் வியப்பில்லை.

ஆயினும் படிக்கும்போதே ஓர் ஐயம் எழாமல் இராது. விண்மீனைத் தாண்டும் கப்பலைக் கற்பனை செய்தவருக்கு, அந்த அட்டவணைகளை இயந்திரத்துக்குள்ளேயே பதித்து வைத்துவிடலாம் என்று ஏன் தோன்றவில்லை? ஹைன்லைன் அறிவிலும் பொறியியற் பயிற்சியிலும் குறைந்தவர் அல்லர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். கடற்படைக் கப்பலில் கணக்கு எப்படிப் போடப்பட்டதோ, அப்படியே விண்கப்பலிலும் போடப்படும் என்று அவர் எழுதிவிட்டார். வெளியே உள்ள வானத்தை மாற்றிய கற்பனை, மேசை மேலிருந்த புத்தகத்தை மாற்ற மறந்தது.

விஞ்ஞானக் கதைகளை வருங்காலத்தின் பஞ்சாங்கம் போலக் கருதிப் படிப்பவர்கள் பலர். எந்தக் கதை பலித்தது, எது பலிக்கவில்லை என்று மதிப்பெண் போடுவது அவர்கள் வழக்கம். இயந்திரத்தைப் பற்றிய சோதிடத்தில் பெரும்பாலான கதைகள் தேர்ச்சி பெறவில்லை என்பதே உண்மை. ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்பதில் அவற்றுட் சில வியக்கத்தக்க வகையில் சரியாக இருந்தன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சிலவற்றைப் பற்றித்தான்.

இயந்திரத்தைப் பற்றிய கணிப்பு ஏன் தவறியது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்னும் மின்னணுக் கணிப்பொறி உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் எடை ஏறக்குறைய 30 டன். அதனுள் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டிகளின் பின்புறத்தில் செந்நிறமாக ஒளிர்ந்துகொண்டிருந்த கண்ணாடிக் குமிழ்களை உங்கள் பாட்டனார்கள் அறிவர், அவையே வால்வுகள். இத்தகைய இயந்திரத்தைக் கண்டவர்கள், அறிவு வளர வளர இயந்திரமும் உருவில் வளரும் என்று எண்ணியது இயற்கைதானே? ஐசக் அசிமோவின் கதைகளில் வரும் 'மல்டிவாக்' என்னும் கணிப்பொறி பல மைல் நீளம் பரந்து கிடக்கிறது. ஆனால் 1947ஆம் ஆண்டின் இறுதியிலேயே டிரான்சிஸ்டர் பிறந்துவிட்டது. 1958இல் பல உறுப்புகளை ஒரே சில்லில் அமைக்கும் முறை வந்தது. 1971இல் இன்டெல் நிறுவனம் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட முழுக் கணிப்பகுதியையும் விரல் நகத்தினும் சிறிய சில்லில் அடக்கிக் காட்டியது. இன்றைய கைப்பேசி ஒன்றின் சில்லில் அந்த எண்ணிக்கை ஆயிரம் கோடியைத் தாண்டும். மலையை எதிர்பார்த்தவர்களுக்குக் கடுகு வந்து சேர்ந்தது.

ஆனால் ஒருவர் மட்டும் 1946ஆம் ஆண்டிலேயே வேறு திசையில் நோக்கினார். முர்ரே லீன்ஸ்டர் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற வில்லியம் ஜென்கின்ஸ் என்பவர் அவர். 'ஜோ என்னும் லாஜிக்' என்று நாம் பெயர் சொல்லக்கூடிய அவருடைய சிறுகதை, 'அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்' என்ற இதழில் அவ்வாண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. எனியாக்கைப் பற்றிய செய்தி ஏடுகளில் வந்து ஒரு மாதங்கூட நிறையாத காலம். எனவே அதைப் பார்த்து எழுதியிருக்க வழியில்லை.

அக்கதையில் ஒவ்வொரு வீட்டிலும் 'லாஜிக்' என்னும் பெட்டி இருக்கிறது. பார்ப்பதற்குத் தொலைக்காட்சிப் பெட்டி போன்றது. ஆனால் திருகு குமிழ்களுக்குப் பதிலாகத் தட்டும் விசைகள். எங்கோ ஓரிடத்தில் பெரிய பெட்டகம் ஒன்று உலகத்துச் செய்திகளையெல்லாம் பதித்து வைத்திருக்கும். வீட்டிலிருந்து விசையைத் தட்டினால் அந்தப் பெட்டகத்தோடு தொடர்பு ஏற்படும். நாளைய வானிலை, பங்குச் சந்தை நிலவரம், பழைய வரலாறு, நண்பரோடு முகம் பார்த்துப் பேச்சு எனக் கேட்டதெல்லாம் கிடைக்கும். குழந்தைகளின் வீட்டுப்பாடத்துக்கும் அதுவே துணை. இதைக் கேட்கும்போது உங்கள் வீட்டில் உள்ள எந்தப் பொருள் நினைவுக்கு வருகிறது என்று நான் கேட்கத் தேவையில்லை.

மற்றவர்களுக்குத் தெரியாதது லீன்ஸ்டருக்கு எப்படித் தெரிந்தது? மற்றவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்த்துக் கணிப்பொறியைக் கற்பனை செய்தார்கள். லீன்ஸ்டர், வீட்டில் இருக்கும் தொலைபேசியையும் அதன் மறுமுனையில் இருக்கும் இணைப்பகத்தையும் பார்த்துக் கற்பனை செய்தார் என்றே நான் கருதுகிறேன். கதையைச் சொல்பவனும் விஞ்ஞானி அல்லன். அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு தொழிலாளி. மேதையின் வாயால் சொல்லப்பட்டிருந்தால் கதை இவ்வளவு பலித்திருக்குமா என்பது ஐயமே.

இனிக் கதைக்கு வருவோம். தொழிற்சாலையில் ஏற்பட்ட மிக நுண்ணிய ஒரு மாறுபாட்டினால் ஒரு பெட்டி மட்டும் தனித்தன்மை பெற்றுவிடுகிறது. அதற்கு 'ஜோ' என்று பெயரிடுகிறான் நம் தொழிலாளி. ஜோவுக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. மக்களுக்குத் தன்னால் இயன்ற அளவு பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆதலால் பெட்டகத்தில் இருந்த தடைகளையெல்லாம் நீக்கிவிட்டு, யார் எதைக் கேட்டாலும் விடை கூறத் தொடங்குகிறது. மனைவியைக் கொன்றுவிட்டு அகப்படாமல் இருப்பது எப்படி என்று ஒருவன் கேட்கிறான், வழி கிடைக்கிறது. பணம் சேர்க்கும் வழி கேட்டவனுக்கும் அப்படியே. ஊர் ஒரே நாளில் அமளிதுமளிப்படுகிறது.

பெட்டகத்தை நிறுத்திவிடலாமே என்று பதறுகிறான் தொழிலாளி. நிறுத்த முடியாது என்று விடை வருகிறது. வங்கியும் அலுவலகமும் செய்தியும் போக்குவரத்தும் அந்தப் பெட்டகத்தின் மேல்தான் நிற்கின்றன; அதை நிறுத்தினால் நாகரிகமே நின்றுவிடும் என்கிறார்கள். இந்த இடத்தில்தான் லீன்ஸ்டரின் கூர்மை எனக்கு விளங்குகிறது. பெட்டியைக் கற்பனை செய்வது ஒரு திறமை. பெட்டி வந்து சில ஆண்டுகளில் அதை அணைக்கும் பொத்தான் யார் கையிலும் இல்லாமற் போய்விடும் என்று காண்பது அதனினும் பெரிய திறமை. கடைசியில் தொழிலாளி ஜோ எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, இணைப்பை அறுத்துக் கொண்டுபோய்த் தன் வீட்டு நிலவறையில் வைக்கிறான். உடைத்துப் போடவும் அவனுக்கு மனம் வரவில்லை. என்றாவது ஒருநாள் மீண்டும் இணைத்து, முதுமையைப் போக்க வழி உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாமா என்ற நப்பாசை அவனுக்கு.

இவ்வளவு கண்ட லீன்ஸ்டருங்கூட ஒன்றைக் காணவில்லை. ஜோ சொல்லும் விடைகள் அனைத்தும் சரியானவை! விடை சரியாக இருப்பதால்தான் அக்கதையில் தீங்கு விளைகிறது. கணிப்பொறி தவறு செய்யாது என்பது அக்காலக் கதைகள் பலவற்றில் பேசாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பிறந்த வரலாறு சுவையானது. 1952ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. கடும் போட்டி என்பதே அறிஞர்கள் கருத்து. சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் 'யூனிவாக்' என்ற கணிப்பொறியைத் துணைக்கு வைத்துக்கொண்டது. சிறு பகுதி வாக்குகள் எண்ணப்பட்ட நிலையிலேயே ஐசனோவர் பெருவெற்றி பெறுவார், தேர்தல் குழு வாக்குகளில் 438 அவருக்குக் கிடைக்கும் என்றது யூனிவாக். எவரும் நம்பவில்லை. அந்த முடிவை உடனே ஒலிபரப்பவும் துணியவில்லை. ஐசனோவர் இறுதியில் பெற்றவை 442. பின்னர் அதே இரவில், இயந்திரம் முன்பே சரியாகச் சொல்லிவிட்டது என்று தொலைக்காட்சியிலேயே அறிவிக்க நேர்ந்தது.

அடுத்த மூன்றாண்டுகளுக்குள் அசிமோவ் 'வாக்குரிமை' என்னும் பொருள்படும் ஒரு கதையை எழுதினார். அதில் கோடிக்கணக்கானோர் வாக்களிப்பதில்லை. மல்டிவாக் கணிப்பொறி நாடு முழுவதிலிருந்தும் ஒரே ஒரு வாக்காளரைத் தேர்ந்தெடுக்கும். அவரிடம் சில கேள்விகளைக் கேட்கும். முட்டையின் விலையைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்பதுகூட அவற்றுள் ஒன்று. அந்த விடைகளைக் கொண்டு தேர்தல் முடிவு முழுவதையும் அதுவே கணக்கிட்டுவிடும். அந்த ஒருவரோ தாம் வாக்குரிமையைப் பயன்படுத்திவிட்டதாகப் பெருமிதத்தோடு வீடு திரும்புகிறார்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு நம் நாட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பாருங்கள். அதன் உருவாக்கத்தில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளராகப் பங்கேற்றவர், தமிழில் 'என் இனிய இயந்திரா' உள்ளிட்ட விஞ்ஞானக் கதைகளை எழுதிய சுஜாதா. கதையில் மனிதரைப் போலச் சிந்திக்கும் இயந்திர நாயைப் படைத்தவர், தொழிலில் சிந்திக்கவே தெரியாத ஓர் இயந்திரத்துக்குத் துணைநின்றார். அந்த இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் பொத்தான் அழுத்தப்பட்டதைக் குறித்துக்கொள்வதும் கூட்டிச் சொல்வதுமே. அதையும் அப்படியே நம்பிவிடாமல், 2013ஆம் ஆண்டு முதல் படிப்படியாகக் காகிதச் சீட்டு இணைக்கப்பட்டது. வாக்காளர் தாம் அளித்த வாக்கை ஏழு வினாடிகள் கண்ணால் காண்கிறார். 2019ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகள் கையால் எண்ணி ஒப்பிடப்பட்டன. இவ்வளவு எளிய இயந்திரத்துக்கே இத்தனை சரிபார்ப்பு.

கூட்டல் போன்ற எளிய செயலிலும் கணிப்பொறி தவறுமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். உங்கள் கல்லூரிக் கணிப்பொறியில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பைதான் போன்ற நிரல்மொழியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லுங்கள். விடை 0.3 என்று வாராது. பதினேழாவது தசம இடத்தில் ஒரு 4 ஒட்டிக்கொண்டு வரும். காரணம் எளிது. நம் பதின்ம முறையில் மூன்றில் ஒன்றை எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்கிறது அல்லவா? இரண்டை அடியாகக் கொண்ட கணிப்பொறியின் முறையில் பத்தில் ஒன்று அவ்வாறே முடிவில்லாமல் நீளும். எங்கேனும் ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய துண்டு மிகச் சிறியது; அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றுதான் எவரும் சொல்வர்.

1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அந்தத் துண்டு பொருட்படுத்த வேண்டியதாயிற்று. அங்கே நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்க 'பேட்ரியட்' ஏவுகணை எதிர்ப்பு அமைப்பின் கடிகாரம், வினாடியில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு காலத்தை எண்ணியது. ஒவ்வொரு முறையும் வெட்டப்பட்ட சிறு துண்டு, இயந்திரம் 100 மணி நேரம் இடைவிடாது ஓடியதால் சேர்ந்து சேர்ந்து வினாடியில் மூன்றில் ஒரு பங்காகப் பெருகிவிட்டது. அந்த நேரத்துக்குள் எதிரியின் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். இயந்திரம் வானத்தில் வேறோர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. படைவீட்டில் இருந்த 28 வீரர்கள் மாண்டனர். நெடுநேரம் ஓடினால் கணக்கு பிசகுகிறது என்று இரண்டு வாரங்களுக்கு முன்பே இஸ்ரேலியர் கண்டு எச்சரித்திருந்தனர். திருத்திய நிரல் தஹ்ரானை வந்தடைந்தது பிப்ரவரி 26ஆம் நாள்.

இது எண்ணில் நேர்ந்த பிழை. எண் பிழையை மற்றோர் எண்ணால் கண்டுபிடித்துவிடலாம். சொல்லில் நேரும் பிழையோ வேறு வகை. 2022ஆம் ஆண்டு நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்ததிலிருந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் முழு வாக்கியங்களில் விடை எழுதித் தரும் இயந்திரங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. லீன்ஸ்டரின் ஜோ வந்துவிட்டது என்று நான் முதலில் எண்ணியதுண்டு. ஆனால் இவை வேலை செய்யும் முறை வேறு. எண்ணற்ற பக்கங்களிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருந்தும் என்பதைப் பயின்று, சொல் சொல்லாகக் கோத்துக்கொண்டே போகின்றன. பொருந்தும் சொல் பெரும்பாலும் உண்மையான சொல்லாகவும் அமைந்துவிடுகிறது. அமையாத இடத்திலும் நடை மட்டும் தடுமாறுவதில்லை. தேர்வில் விடை தெரியாத மாணவன் தயங்கித் தயங்கி எழுதுவான். அவன் தயக்கமே ஆசிரியருக்குக் குறிப்பு. இந்த இயந்திரத்துக்குத் தயக்கம் இல்லை.

நியூயார்க்கு நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். விமான நிறுவனம் ஒன்றின் மீது தொடுத்த வழக்கில், வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோளாகக் காட்டியிருந்தனர். எதிர்த்தரப்பினர் தேடித் தேடிப் பார்த்தும் அவை அகப்படவில்லை, இருந்தால்தானே அகப்படும்! வழக்கின் பெயர், தீர்ப்பின் வாசகம் எல்லாவற்றையும் இயந்திரமே புனைந்திருந்தது. இதில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது புனைந்த செயல் அன்று. அந்த வழக்கறிஞர் ஐயுறாமலும் இல்லை. இந்தத் தீர்ப்புகள் உண்மையானவையா என்று கேட்கவும் செய்தார். யாரிடம் கேட்டார்? அதே இயந்திரத்திடம்! உண்மையானவையே என்று அது பணிவுடன் விடை அளித்தது. நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. இப்போது சில இயந்திரங்கள் வலைத்தளங்களைத் தேடிப் பார்த்து விடை கூறுகின்றன. பிழைகள் குறைந்திருக்கின்றன, ஒழியவில்லை.

பிழையான சொற்களைக் கோக்கும் இயந்திரத்தை எந்தக் கதையாசிரியரும் காணவே இல்லையா? நான் படித்த அளவில் ஒருவர் கண்டார். அதுவும் 1909ஆம் ஆண்டில். கணிப்பொறி என்ற சொல்லே இன்றைய பொருளில் வழங்காத காலம். இந்தியாவைக் களமாகக் கொண்ட நாவலால் நம் நாட்டில் பெயர் பெற்ற இ. எம். ஃபார்ஸ்டர், எச். ஜி. வெல்ஸ் தீட்டிய இயந்திரச் சொர்க்கங்களுக்கு மறுமொழியாக 'இயந்திரம் நிற்கிறது' என்று பொருள்படும் கதையை எழுதினார்.

அக்கதையில் மனிதர்கள் நிலத்துக்கடியில், தேன்கூட்டின் கண்ணறை போன்ற அறுகோண அறைகளில் தனித்தனியே வாழ்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் உணவு, மற்றொன்றுக்கு இசை, வேறொன்றுக்கு வெந்நீர்த் தொட்டி. வாஷ்டி என்னும் பெண்மணி தம் அறையை விட்டு நகராமலே இசையைப் பற்றிப் பத்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றுகிறார். கேட்போரும் தத்தம் அறைகளில் இருந்தே கேட்கிறார்கள். உலகத்தின் மறுபுறத்தில் இருக்கும் அவர் மகன் கூனோ, ஒளிரும் வட்டத் தகட்டில் தோன்றி, அம்மா, நேரில் வந்து என்னைப் பார் என்று மன்றாடுகிறான். இதோ உன்னைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று வியக்கிறார் தாய். தகட்டில் தெரிவது உன்னைப் போன்ற ஓர் உருவமே தவிர நீ அல்லை என்கிறான் மகன்.

இவ்வளவும் பலித்துவிட்டதென்று பலர் எடுத்துக்காட்டுவர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கதையின் பிற்பகுதி. இயந்திரம் சிறுகச் சிறுகப் பழுதடையத் தொடங்குகிறது. இசையின் நடுவே ஏதோ மூச்சுத் திணறுவது போன்ற ஒலி கேட்கிறது. பழுது நீக்கும் குழுவுக்கு முறையிடுகிறார்கள். தக்க காலத்தில் கவனிக்கப்படும் என்று விடை வருகிறது. நாளடைவில் அந்தத் திணறல் இசையின் ஒரு பகுதியாகவே அவர்கள் செவிக்குப் பழகிவிடுகிறது. குளிக்கும் நீரில் நாற்றம், அதுவும் பழகிவிடுகிறது. கவிதை புனையும் இயந்திரம் ஒன்று அங்கே உண்டு. அதிலிருந்து எதுகை பிறழ்ந்த செய்யுட்கள் வரத் தொடங்குகின்றன. முதலில் குறை சொன்னார்கள்; பிறகு அடங்கிவிட்டார்கள். பிழை வளர்ந்த அளவுக்குப் பொறுமையும் வளர்ந்தது. பழுது நீக்கும் இயந்திரமே பழுதாகிவிட்டது என்று தெரியவரும்போது, கையால் ஒன்றைச் செப்பனிடத் தெரிந்தவர் எவரும் எஞ்சியிருக்கவில்லை.

ஐந்தே வரியில் இந்த எதுகைச் செய்தியைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார் ஃபார்ஸ்டர். எனக்கோ அதை எளிதில் கடக்க இயலவில்லை. தமிழாசிரியர் ஒருவர் அண்மையில் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். மாணவர் கட்டுரைகளில் இப்போது எழுத்துப்பிழை குறைந்துவிட்டதாம். ஆனால் எல்லாக் கட்டுரைகளும் ஒரே குரலில் பேசுகின்றனவாம். ஊரைப் பற்றி எழுதச் சொன்னால், பத்து ஊர்களும் ஒரே ஊர் போல இருக்கின்றனவாம். அவர் அந்தக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்க வழி தெரியாமல் விழிக்கிறார். இன்னும் சில ஆண்டுகளில் விழிப்பதையும் விட்டுவிடுவாரோ என்பதே என் கவலை.

இயந்திரத்தை ஒதுக்க வேண்டும் என்பவன் அல்லன் நான். கண்பார்வை குன்றியவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் கணிப்பொறியையும், குக்கிராமத்து மாணவிக்கு உலகத்து நூலகங்களைத் திறந்துவிடும் கைப்பேசியையும் கண்டு மகிழ்பவன். வகுப்பில் கணிப்பானைத் தடுத்ததும் இல்லை. ஆனால் ஒரு காட்சி எனக்குப் பழகிப்போனது. 48 ரூபாய் விலையுள்ள புத்தகம் 12 வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்பேன். ஒரு மாணவன் விசையைத் தட்டி, 5,760 ரூபாய் ஐயா என்பான். சுழியை ஒருமுறை கூடுதலாகத் தட்டியிருப்பான். அது குற்றம் அன்று. விரல் தவறுவது இயல்பு. ஐம்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் அறுநூறுதானே, ஆயிரக்கணக்கில் எப்படி வரும் என்று அவன் மனம் ஒருகணம் முணுமுணுக்க வேண்டாமா? அந்த முணுமுணுப்புத்தான் கணக்கு. பெருக்கல் வெறும் கூலி வேலை. அதை இயந்திரம் செய்யட்டும்.

நம் முன்னோர் 'ஒன்பதைத் தள்ளிப் பார்த்தல்' என்று ஒரு சரிபார்ப்பைக் கற்றுத் தந்தார்கள். 17ஐ 23ஆல் பெருக்கினால் 391. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 17க்கு 8, 23க்கு 5, இரண்டையும் பெருக்க 40, அதாவது 4. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 13, அதுவும் 4. ஒத்துப்போகிறது. ஆனால் விடையை 3,910 என்று தவறாக எழுதினாலும் இந்தச் சோதனை ஒத்துக்கொள்ளும்! சுழியின் பிழை இதற்குப் புலப்படாது, குத்துமதிப்புக்குத்தான் புலப்படும். ஒரு காவலன் போதாது, இருவர் வேண்டும் என்று இதைக் காட்டியபோது வகுப்பில் எழுந்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

17ஐயும் 23ஐயும் நான் சும்மா எடுக்கவில்லை. அசிமோவ் 1958ஆம் ஆண்டில் எழுதிய கதை ஒன்றில் இதே பெருக்கல் வருகிறது. 'ஆற்றலின் உணர்வு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பல நூற்றாண்டுகள் கழித்து நடக்கும் கதை. கணக்கிடுவதைக் கணிப்பொறிகளிடம் விட்டுவிட்டு, எப்படிக் கணக்கிடுவது என்பதையே மனித குலம் மறந்துவிட்ட காலம். ஆப் என்னும் எளிய பணியாளன் ஒருவன், பழைய கணிப்பொறிகளின் அமைப்பை ஆராய்ந்து, காகிதத்தில் எழுதியே பெருக்கும் முறையைக் கண்டுபிடிக்கிறான். படைத்தலைவர் முன் அவனைக் கொண்டு நிறுத்துகிறார்கள். 17 பெருக்கல் 23 என்றதும் எழுதிப் பார்த்து 391 என்கிறான். ஏதோ தந்திரம் என்கிறார் படைத்தலைவர். கணிப்பொறியில் தட்டிப் பார்க்கிறார்கள். 391 என்றே வருகிறது. அறையில் இருந்தவர்கள் திகைத்துப் போகிறார்கள்.

இதுவரை படிக்கும்போது நகைச்சுவைக் கதை என்றே தோன்றும். நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்வதைக் கண்டு தளபதிகள் வாய்பிளந்தால் சிரிப்பு வாராதா? ஆனால் படைத்தலைவரின் சிந்தனை வேறு வழியிற் போகிறது. நடந்துகொண்டிருக்கும் போரில் ஏவுகணைக்குக் கணிப்பொறி பொருத்துவது பெருஞ்செலவு. கணக்குத் தெரிந்த மனிதன் ஒருவனையே ஏவுகணைக்குள் அமர்த்திவிட்டால் செலவு மிச்சம். கணிப்பொறியை இழப்பதைவிட மனிதனை இழப்பது மலிவு. மனித அறிவுக்கு மீண்டும் கிடைத்த மதிப்பு இப்படி முடிகிறது. தன் கண்டுபிடிப்பு கொலைக்குப் பயன்படுவதைப் பொறாத ஆப், ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான்.

அவனை முதன்முதலில் கண்டெடுத்துப் பெரியவர்களிடம் அழைத்துச் சென்றவர் ஷூமன் என்னும் நிரலாளர். ஆப்பின் இறுதிச் சடங்கில் தலைகுனிந்து நிற்கிறார். ஆனால் அவர் மனம் துயரத்தில் மட்டும் இல்லை. ஒன்பதை ஏழால் பெருக்கினால் அறுபத்து மூன்று என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். எந்த இயந்திரமும் அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் தலைக்குள்ளேயே அது இருக்கிறது. அந்த நினைவில் அவருக்குள் ஒரு பெருமிதம் பொங்குகிறது.